வெட்டு விழாத அட்டைகள்

அன்று பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் இருந்தவர்கள்: கங்காணி. கங்காணியின் தம்பி. கோயில் பூசாரி. மாடு மேய்க்கிறவர். பிள்ளைக் கொட்டகை ஆயா. ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கும் பெண்கள் இரண்டு பேர். லோரியில் மூட்டை ஏற்றுகிறவர். மருந்து தெளிக்கிறவர். என் பக்கத்து வீட்டு அக்கா. மொத்தம் பத்துப் பேர். கேள்வி கேட்டது நான். கேட்டில் துப்பாக்கியோடு நின்ற மலாய்க் காவலரைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்போது மலாயாவில் அவசரகாலம், வெள்ளைக்காரன் ஆட்சி. காட்டோரத்து லயன் வீடுகளைக் கலைத்து எங்கள் எல்லாரையும் முள்கம்பிக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வெளியே போக ஒரே கேட். மடியை உதறிக் காட்ட வேண்டும். ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்களுக்குப் போய்விடுமாம். விடிவதற்கு முன் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு மரம் வெட்டப் போக வேண்டும்.

பக்கத்து டவுன் ஜாசினில் ஒரு முஸ்லிம் கடை. கடைக்காரரை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தமிழ்ப் பேச்சு ஆராய்ச்சிக்கு ஆள் தேவை. அட்டை எழுத மூன்று பேர். கையெழுத்துத் திருத்தமாக இருக்க வேண்டும். ஆறாம் வகுப்பு போதும்.

நான் ஆறாம் வகுப்பு.

"நானா, இது பொம்பளைக்கும் உண்டா?"

"மீசை வேணும்னு போட்டிருக்கா? மாடியிலதான் இருக்காரு. போய்க் கேளு லா."

மேலே போனேன். கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். வெளியூர்க்காரர். பேச்சில் புத்தக வாசனை. மேசையில் பேச்சைப் பிடிக்கும் பெட்டி ஒன்று, இரண்டு சக்கரத்தோடு. பக்கத்தில் கட்டுக் கட்டாக அட்டைகள். ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் சுற்றிலும் ஓட்டை.

அவர் வேலையைச் சொன்னார். ஒரே சாமானுக்கு ஆளுக்கு ஒரு பேர் சொல்வார்கள். ஒரு ஆளுக்கு, ஒரு கேள்விக்கு, ஒரு அட்டை. முதல் ஆள் சொன்ன சொல்லையே அடுத்த ஆளும் சொன்னால் எழுதிவிட்டு, அட்டையின் ஓரத்தைத் தொடாமல் விட வேண்டும். வேறு சொல் சொன்னால் ஓரத்து ஓட்டையைக் கத்தரித்துத் திறந்துவிட வேண்டும். பஸ் டிக்கெட் வெட்டுகிற மாதிரி ஒரு கத்தரி கொடுத்தார்.

"அப்புறம் இந்த ஊசியை ஓட்டையில கோத்துத் தூக்குவேன். வெட்டின அட்டை கீழே விழுந்துடும். வெட்டாதது ஊசியிலயே தொங்கும். ஆயிரம் அட்டையையும் ஒவ்வொண்ணா பார்க்க வேண்டியதில்ல."

தூக்கிக் காட்டினார். பொலபொலவென்று விழுந்தன. எனக்குப் பிடித்துவிட்டது.

முதலில் பரீட்சை. நாற்பது கேள்வி, பத்துப் பேர், நானூறு அட்டை. இரண்டு வாரத்தில் முடித்துக் கொண்டுவர வேண்டும். வேலை கிடைத்தால் ஜாசினிலேயே அறை. கேட் இல்லை, பெரட்டு இல்லை. விடிகாலையில் என் பேரை யாரும் கூப்பிட மாட்டார்கள். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதலாம் என்றிருந்தேன். கங்காணி விடவில்லை.

"தாளும் பென்சிலுமா வீடு வீடா நுழைஞ்சா என்ன நெனைப்பாங்க? காட்டுக்குக் கணக்கு எடுக்கிறேன்னு புடிச்சிட்டுப் போயிடுவாங்க புள்ள. தொரைகிட்ட நான் கேட்டு வாங்கித் தர்றேன்."

எஸ்டேட் துரை ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை, பெரட்டுக்களத்தில், எல்லாரும் ஒன்றாக, கங்காணி முன்னிலையில். அப்படியானால் கேட்கலாம்.

வரிசையில் நின்றார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்தக் களத்தில் உட்கார்ந்து யாருக்கும் பழக்கமில்லை.

முதல் கேள்வி. வீடு கூட்டுகிற சாமானுக்கு உங்கள் வீட்டில் என்ன பேர்?

"விளக்குமாறு," என்றார் கங்காணி.

"அண்ணன் சொன்னதுதான்," என்றார் தம்பி.

"விளக்குமாறு," என்றார் பூசாரி.

"கங்காணி சொன்னதையே போட்டுக்கம்மா," என்றார் ஆயா.

லோரிக்காரர் மட்டும் சிரித்தார். "கங்காணி, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. கடைசியில நிக்கிறவனுக்கும் அவன் வீட்டுப் பேச்சு கேக்கணும்ல."

எல்லாரும் சிரித்தார்கள். தன் முறை வந்தபோது அவரும் விளக்குமாறு என்றார்.

கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா. சேலத்துப் பக்கம். காலையில் அவர் வாயில் முதலில் வருவதே சீமாறுதான்.

"அக்கா, நீங்க சீமாறுன்னுதானே சொல்லுவீங்க?"

"யாரு, நானா? விளக்குமாறுன்னு எழுது."

பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ஆளுக்கு ஒண்ணு சொல்லி மாட்டுனது மறந்துபோச்சாடி உனக்கு?"

மறக்கவில்லை. முள்கம்பிக்குள் வந்த புதிதில் ஒரு அரிசி டின் காணாமல் போனது. போலீஸ் வந்து வரிசையில் நிற்க வைத்துக் கேட்டது. ஒருவர் காலையில் பார்த்தேன் என்றார். இன்னொருவர் சாயங்காலம் பார்த்தேன் என்றார். பேச்சு ஒத்துவரவில்லை என்று இரண்டு பேரையும் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். அதிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. எழுதுகிறவன் முன்னால் முதல் ஆள் எதைச் சொல்கிறாரோ மற்றவர்களுக்கும் அதுதான். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை. சொன்னதை எழுத வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தது. சொன்னதை எழுதினேன். வெயில் சாய்வதற்குள் நாற்பது கேள்வியும் முடிந்தது. கத்தரிக்கு வேலையே வரவில்லை. ஒரு அடித்தல் இல்லை, ஒரு வெட்டு இல்லை. சுத்தமான வேலை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என் மேல் எரிச்சல் வருகிறது.

அடுத்த ஞாயிறு ஜாசினுக்குக் கொண்டுபோனேன். கேட்டில் காவலர் கட்டைப் பிரித்து அட்டை அட்டையாகப் பார்த்தார்.

"கெர்த்தாஸ் லா, என்சே. வெறும் கெர்த்தாஸ்," என்றேன். தாளுக்கு மலாயில் அதுதான் பேர்.

ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்துவிட்டு விட்டார். இரண்டு பஸ் போய்விட்டது.

மாடியில் கண்ணாடிக்காரர் ஊசியைக் கோத்துத் தூக்கினார். ஒன்றும் விழவில்லை. உதறினார். மறுபடி வேறு கட்டை எடுத்துக் கோத்தார். நானூறும் ஊசியிலேயே தொங்கின.

"என்னம்மா இது? ஒரே ஆளைக் கேட்டுப் பத்துத் தடவை எழுதியிருக்கீங்க."

"இல்ல சார். பத்துப் பேரு."

"உங்க எஸ்டேட்ல சேலத்து ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"ராமநாதபுரம்? தஞ்சாவூர்?"

"எல்லாம் இருக்காங்க சார்."

"அப்ப ஒருத்தர்கூட மாத்திச் சொல்லலையா?"

"மாத்திச் சொன்னா மாட்டிக்குவாங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "துடைப்பத்துக்குப் பேர் சொன்னா யாரும்மா வந்து புடிக்கப் போறாங்க?"

அவர் மேல் கோபம் வந்தது. அரிசி டின் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அதையும் எழுதிக்கொள்வாரோ என்று நிறுத்திவிட்டேன். நானும் அந்த வரிசையில் நின்றவள்தானே.

"தனித்தனியா கேட்டு எடுத்துட்டு வரேன் சார். ஒரு மாசம் கொடுங்க."

"இன்னிக்குத்தான் கடைசி நாள்மா. மூணு இடமும் நிரம்பிடுச்சு."

வேலை கிடைத்த அந்த மூன்று பேருடைய அட்டைகள் மேசையில் கிடந்தன. எலி கடித்த மாதிரி ஓரமெல்லாம் வெட்டு. ஒன்றில் கையெழுத்து என்னுடையதைவிட மோசம்.

கத்தரியை வாங்கி வைத்துக்கொண்டார். "எழுதின அட்டை இனிமே உதவாது. நீங்களே எடுத்துட்டுப் போங்க," என்றார்.

கீழே இறங்கினேன். நானா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, மீசை கேட்டாங்களா?"

"இல்ல நானா. வெட்டு கேட்டாங்க."

மறுநாள் பெரட்டில் என் பேரைக் கூப்பிட்டார்கள். குரல் கொடுத்தேன். மரம் வெட்டிவிட்டு வந்து குழாயடியில் குடம் வைத்து நின்றேன். பக்கத்து வீட்டு அக்கா மகளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"சீமாறு எங்கடி? எடுத்தா எடுத்த எடத்துல வைக்க மாட்டியா? அதாலயே நாலு போட்டாத்தான் சரிப்படுவே."

எனக்குப் பொறுக்கவில்லை. "அன்னிக்கு இதைத்தானேக்கா கேட்டேன். சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"அன்னிக்கு நீ எழுதுனே. இன்னிக்கு எழுதலையே," என்றார். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு யார் முன்னாலும் நான் பென்சிலை எடுக்கவில்லை. குழாயடியில், கோயிலில், லோரியில் போகும்போது, காதை மட்டும் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அந்தந்த ஆளின் அட்டையை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதுவேன். கத்தரி இல்லை. அன்று களத்தில் சொன்ன சொல்லிலிருந்து மாறினால் மட்டும் மரம் வெட்டும் கத்தியால் ஓட்டையைத் திறந்தேன். நாற்பது கேள்விக்கும் பத்துப் பேர் பேச்சும் காதில் விழ எட்டு மாதம் ஆனது. கங்காணியே வீட்டில் மனைவியிடம் வேறு மாதிரிதான் பேசுகிறார்.

முடித்துக் கட்டி ஜாசினுக்குக் கொண்டுபோனேன். நானா என்னைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார்.

"அவங்க பெட்டியெல்லாம் ஏத்திக்கிட்டு அப்பவே போயாச்சு தங்கச்சி. எந்த ஊருன்னு சொல்லலை. மேலே இப்ப வெங்காய மூட்டை."

கேட்டில் மறுபடி பிரித்துக் காட்டி, உள்ளே கொண்டுவந்தேன். வீட்டில் உடைந்த குடை ஒன்று கிடந்தது. அதிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கி ஓட்டையில் கோத்துத் தூக்கினேன். விழுந்ததைப் பொறுக்கி எண்ணினேன்.

நூற்று முப்பத்தொன்று.