ஜெனிபர் ஓடாத ரிலே

போன சனிக்கிழமை புதுக்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான மாவட்ட ஓட்டப் போட்டி. என் அக்கா மகள் ஜெனிபர் ஓடுகிறாள் என்று திருக்கோகர்ணத்திலிருந்து டவுன் பஸ் ஏறிப் போயிருந்தேன்.

ஜெனிபர் ஆவூர் கிராமத்துப் பிள்ளை. ப்ளஸ் ஒன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ரிலேயில் கடைசி ஓட்டம் அவளுடையதுதான். முன்னால் ஓடும் மூன்று பேரும் கூடப் படிக்கிறவர்கள். டிபன் பாக்ஸிலிருந்து சண்டை வரைக்கும் எல்லாமே நாலு பேருக்கும் பொது.

இந்த வருடம் ஒரு சத்து பானக் கம்பெனி அவளுக்கு மட்டும் ஸ்பான்சர். ஷூ, டிரெஸ், திருச்சியில் கோச்சிங்... எல்லாம் அவர்கள் பொறுப்பு. குறை சொல்ல முடியுமா? ஊரில் வேறு யார் கொடுத்தார்கள்?

காலையிலேயே கம்பெனி ஆள் வந்துவிட்டார்.

"ரிலே வேணாம்மா. சாயங்காலம் நானூறு மீட்டர் ஃபைனல் இருக்கு. கால் புடிச்சுக்கிட்டா என்ன பண்றது?"

"நாங்க நாலு பேரும் சேந்துதான் சார் ஓடுவோம்."

"அது போன வருசம்மா."

கூட வந்திருந்த அக்கா சரியென்று தலையாட்டிவிட்டாள். வந்த வாய்ப்பு போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

ரிலே ஆரம்பித்தது. ஜெனிபர் கேலரியில், என் பக்கத்தில். மூன்றாவதாக ஓடிய சரண்யா வளைவு திரும்பி நெருங்கியபோது, ஜெனிபரின் கை தானாகப் பின்னால் நீண்டது — உள்ளங்கை விரிந்து, பேட்டன் குச்சியை வாங்குவதற்காக. சட்டென்று சுதாரித்துக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கீழே, பேட்டன் தவறி விழுந்தது. கடைசி இடம். ஜெனிபருக்குப் பதிலாக ஓடிய சின்னப் பெண் தேம்பித் தேம்பி அழ, மற்ற மூவரும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று யாருக்குத் தெரியும்?

மதியம் அவர்கள் மரத்தடியில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெனிபர் போய் நின்றாள்.

"நானும் ஒக்காரட்டுமாடி?"

"இங்க ஒரே மண்ணா கெடக்கு. ஒன் டிரெஸ் அழுக்காயிரும். நீ அங்கிட்டு சேர்ல ஒக்காந்துக்க" என்றாள் சரண்யா.

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் ஜெனிபர் பதிலுக்குத் திட்டியிருப்பாள். அக்கறைக்கு என்ன பதில் சொல்வது?

சாயங்காலம் நானூறு மீட்டரில் அவள்தான் முதலிடம். மூச்சு வாங்க, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிக்கொள்ள ஆள் இல்லை. கேமராதான் ஓடி வந்தது. கம்பெனி ஆள் சத்து பான டப்பாவை அவள் கையில் கொடுத்தார்.

"டப்பாவ முகத்துக்குப் பக்கத்துல புடிம்மா. கொஞ்சம் சிரி."

நாலு முகம் நின்றால் டப்பாவுக்கு இடம் இருக்காதே!

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தோத்தா திட்டிக்கிறதுக்காவது ஆள் இருக்கும் மாமா. இன்னைக்கு ஜெயிச்சதச் சொல்லக்கூட ஆள் இல்ல."

"என்ட்ட சொல்லேன்" என்றேன்.

"ஒங்களுக்குத்தான் தெரியுமே..."

மறுநாள் கம்பெனி ஆளுக்கு அவளே போன் போட்டாள். "அடுத்த போட்டியில ரிலேயும் ஓடுவேன் சார். முடியாதுன்னா ஷூவத் திருப்பித் தந்துர்றேன்." மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாராம். அக்கா அன்று முழுக்க மகளோடு பேசவில்லை. ஜெனிபர் அசரவில்லை. நாலு பேரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில், 'அடுத்த ரிலேல நானும் வாரேன்டி' என்று போட்டாள்.

மேலிடத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

குரூப்பில் மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள். அங்கிருந்தும் இன்னும் பதில் இல்லை.