பதினோராம் நம்பரின் பந்தல்கால்

அடுத்தவர் வாளிகளில் இரண்டையாவது கவிழ்த்துவிட்டுத்தான் நீலாவதியக்கா தோட்டத்தில் தன் துண்டு நிலத்துக்குள் கால் வைப்பாள். மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்துத் துப்புரவு வேலையை முடித்துவிட்டு, சீருடைக்கு மேலேயே ஒரு பழைய நீளக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள். கேட்டைத் திறந்ததும் கண் வாளிகளைத்தான் தேடும். மூடி போடாத வாளி, மழைத்தண்ணீர் நின்ற பெயிண்ட் டின், யாரோ மறந்துவிட்டுப் போன சிரட்டை, எல்லாம் தலைகீழாகும். "கொசு வளக்கணும்னா வீட்டுல வச்சு வளத்துக்கங்க. இங்க டிங்கிக் காய்ச்ச வந்துச்சு, கெபுனையே இழுத்து மூடிருவான்" என்று யார் முகத்தையும் பார்க்காமல், எல்லார் காதிலும் விழும்படி சொல்வாள்.

சிரம்பானை அடுத்த மம்பாவ் அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால், உயர் அழுத்த மின்கம்பி போகிற பட்டை நிலத்தில் இருக்கிறது, கெபுன் என்று மலாயில் சொல்லும் அந்தத் தோட்டம். முப்பத்திரண்டு துண்டுகள், ஒவ்வொன்றும் பத்தடிக்கு இருபதடி. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு நைலான் கயிறு. முப்பத்திரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்க் குழாய். வாசலில் மலாயில் எழுதிய விதிப் பலகை நிற்கிறது. மருந்து அடிக்கக்கூடாது. தண்ணீர் ஆளுக்கு இருபது நிமிடம். மூன்று வாரம் துண்டைப் போட்டுவைத்தால் எச்சரிக்கை. மேலே கம்பி போவதால் மரம் வைக்கக்கூடாது, வைத்தால் வெட்டி எடுப்பதோடு ஓர் எச்சரிக்கை. இரண்டு எச்சரிக்கை சேர்ந்துவிட்டால் துண்டு கைமாறிவிடும். காத்திருக்கிறவர்கள் பட்டியலில் இப்போதைக்குப் பத்தொன்பது பேர்.

அந்தப் பலகையை எழுதும்போது பெயிண்ட் டின்னைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நீலாவதியக்கா. அன்று முதல் அதில் உள்ள ஏழு விதியும் தன் பேரில் எழுதிக் கொடுக்கப்பட்ட மாதிரி நடந்துகொள்கிறாள். குழாய் முறையில் யாராவது இருபது நிமிடத்தைத் தாண்டினால், கைப்பேசியில் மணியைத் தூக்கிக் காட்டுவாள். கத்தரிச் செடி கயிற்றைத் தாண்டிக் கை நீட்டினால் அதைப் பக்குவமாக மடக்கி உரியவர் பக்கமே திருப்பிக் கட்டுவாள். தோட்டத்தில் அவளுக்கு 'மண்டோர்', அதாவது கங்காணி, என்று பேர். "மண்டோர் வராங்க, வாளியத் தூக்கு" என்பது ஐந்து மணிச் சங்கு மாதிரி. சுவா பக்கத்து எஸ்டேட்டில் இருபத்து மூன்று வருஷம் அவள் புல்வெட்டும் கூட்டத்திலும் மருந்தடிக்கும் கூட்டத்திலும் இருந்தவள். ஒரு நாளும் மண்டோராக இருந்ததில்லை. அறுபது வயதில் தானாக வந்த பதவியை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசில்லை.

மருந்து விஷயத்தில் அவள் மூக்கு பொல்லாதது. ஒருமுறை கடைசி வரிசையில் யாரோ இரவோடு இரவாகக் களைக்கொல்லி தெளித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் கேட்டிலேயே நின்றுவிட்டாள். "புல்லு வெந்து சாகிற வாசன எனக்குத் தெரியாதா? பதினாறு வருஷம் மருந்துப் பம்ப முதுகுல சொமந்தவ நான். கையி நகமெல்லாம் போயி மொளச்சுச்சு." அதற்குப் பிறகு யாரும் துணியவில்லை. காட்டுப் பக்கமிருந்து வரும் குரங்குகளை மட்டும் அவள் மலாயில் திட்டுவாள். "பெர்கி! பெர்கி சானா!" போ, அந்தப் பக்கம் போ என்று. ஏன் மலாயில் என்று கேட்டால், "அதுங்க வெளிய இருந்து வருது லா, நம்ம பேச்சு அதுக்கு எங்க புரியும்?" என்பாள். விளையாட்டுக்குச் சொல்வதாகத் தெரியாது.

அவளை வெறும் கடுகடுப்புக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். போன வருஷம் கண்ணில் புரை எடுத்தபோது இருபத்து நான்கு நாள் அவளால் குனிய முடியவில்லை. துண்டில் புல் முழங்கால் அளவு வளர்ந்துவிட்டது. தோட்டத்துக் காரியதரிசி புனிதன், செனவாங் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிற, பையன் மாதிரி முகம் கொண்ட நாற்பது வயதுக்காரன், கண்டுகொள்ளாமல் விடத்தான் நினைத்தான். கறுப்புக் கண்ணாடியோடு படியிறங்கி வந்தவள் அவன் நோட்டுப் புத்தகத்தைத் தட்டினாள். "மூணு வாரம் தாண்டிருச்சுல்ல? எழுது தம்பி. ஒனக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" தன் எச்சரிக்கையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே ஆள் அவள்தான்.

அந்த இருநூறு சதுர அடியை ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள் என்பது நான்காவது மாடிக்குப் போய்ப் பார்த்தால் புரியும். மகன் மகேந்திரனின் வீடு அது. மருமகள் மாதவி நல்ல பெண், குரல் உயர்த்திப் பேசத் தெரியாது. ஆனால் சமையலறையில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்பது மாதவியின் கணக்கு. "நீங்க ஒக்காருங்க அத்த, நான் பாத்துக்கறேன்" என்று அன்பாகத்தான் சொல்வாள். அன்பாகச் சொல்லச் சொல்ல, நீலாவதியக்காவுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போய்விட்டது. இந்த வருஷம் வெண்டையா பயத்தங்காயா என்று அவளே முடிவு செய்யக்கூடிய இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பதினோராம் நம்பர் என்று பெயர்.

பன்னிரண்டாம் நம்பர் லியாக்கத் அலி பாயுடையது. சிரம்பான் உணவுக்கடை ஒன்றில் முப்பது வருஷம் சமைத்துவிட்டு ஓய்ந்தவர். புதினாவும் கொத்தமல்லியும் போட்டிருந்த அவர், ஒரு மூலையில் மூன்று வாழைக் கன்றையும் நட்டுவிட்டார். இலைக்கு என்றுதான் வைத்தார். ஆனால் ஒன்று நெடுநெடுவென்று வளர்ந்து பூவும் தள்ளிவிட்டது. அவர் மனைவி ஜொஹரா தினமும் மாடி ஜன்னலிலிருந்து அந்தப் பூவை எட்டிப் பார்ப்பார். நீலாவதியக்கா மாதக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். "பன்னெண்டுல மரம் நிக்குது." பாய் மெல்லத்தான் சொன்னார்: "வாழ மரமில்ல தங்கச்சி, அது புல்லுச் சாதி. தாரு எறக்கிட்டு நானே எடுத்துடுறேனே." கூட்டம் தயங்கியது. அவள் தயங்கவில்லை. தன் பாராங் கத்தியைக் கொண்டுவந்து அவளே மூன்றையும் சாய்த்தாள். தெறித்த வாழைச்சாறு பாயின் வெள்ளைச் சட்டையில் கறையாகப் பிடித்துக்கொண்டது. பாய் சண்டை போடவில்லை. வழியில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். பத்து மாதமாக அந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து நின்று வேலை செய்கிறார்கள், ஒரு வார்த்தை கிடையாது.

இந்த மண்டோர்தான், இந்த வருஷம், யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்துவிட்டாள். பயத்தங்காய்க் கொடிக்குப் பந்தல் போட ஒரு கால் குறைந்தது. ரெம்பாவில் தங்கச்சி வீட்டு முருங்கையைக் கழித்தபோது கொண்டுவந்த கட்டை ஒன்று, படிக்கட்டுக்கு அடியில் இரண்டு மாதமாகக் காய்ந்து கிடந்தது. செத்த கட்டை என்று நினைத்து அதை ஊன்றிவிட்டாள். முருங்கைக் கட்டையை மண்ணில் ஊன்றினால் என்ன ஆகும் என்று தெரியாத தமிழ்ப் பொம்பளை எங்கேயாவது உண்டா? மூன்று வாரம் மழை பிடித்தது. பயத்தங்கொடி கால்வாசி ஏறுவதற்குள் பந்தல்கால் துளிர்த்துவிட்டது.

முதல் துளிரைக் கிள்ளிப்போட்டாள். கிள்ளக் கிள்ள அது தழைத்தது. அதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான். இரண்டாம் தடவை கிள்ளியதை வீட்டுக்குக் கொண்டுபோனாள், மாதவி அதை வாங்கி, "எப்படி செய்யணும் அத்த?" என்று கேட்டாள். அந்த வீட்டில் அவளிடம் அப்படி ஒருவர் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. அடுத்து மூன்றாம் மாடிக் கர்ப்பிணிப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள், டாக்டர் ரத்தம் கம்மி என்றாராம். பிறகு இரத்தக் கொதிப்புக்காரர் ஒருவர், பிறகு கோயில் பூசாரி மனைவி. மண்டோரைக் கண்டால் வாளியை ஒளித்தவர்கள் எல்லாம், "அக்கா, ஒரு கைப்பிடி" என்று கயிற்றோரம் வந்து நின்றார்கள், நின்றவர்கள் நாலு வார்த்தை பேசிவிட்டும் போனார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைவிட, அதற்காகப் பள்ளிக்கூடத்தில் மூன்று மணியிலிருந்தே காத்திருக்கத் தொடங்கிவிட்டாள். ஆளுயரத்துக்கு மேல் போகாமல் தினமும் ஒடித்து, பயத்தங்கொடியை இழுத்து மேலே சுற்றிவிடுவாள். விரல் தடிமன் இருந்த தண்டு மணிக்கட்டுத் தடிமன் ஆயிற்று. பாய் ஒருவர்தான் இலை கேட்டு வரவில்லை.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு எல்லாரும் சேர்ந்து துப்புரவு செய்கிற நாள். புனிதன் நோட்டுப் புத்தகத்தோடு துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டு வருவான். போன ஞாயிறு பதினொன்றில் வந்து நின்றவன் பந்தலைப் பார்த்தான், கொடிக்குள் கையை விட்டுத் தண்டைத் தொட்டும் பார்த்தான். அவன் வீட்டிலும் இரண்டு வாரமாக முருங்கைக்கீரை சூப்புதான். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தான்.

"கீரைதானே அக்கா? கீரைன்னு எழுதிக்கிறேன் லா."

"பின்ன என்னவாம்? நாங்க தின்னோமே, கீரைதான்!" என்று பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். யாருக்கும் அந்தத் துண்டு அவள் கையைவிட்டுப் போவதில் விருப்பமில்லை. நீலாவதியக்கா தலையை ஆட்டினால் போதும். அவள் பார்வை மட்டும் கயிற்றைத் தாண்டிப் பன்னிரண்டாம் நம்பருக்குப் போனது.

புதினாவுக்கு நடுவே குந்தியிருந்த லியாக்கத் அலி பாய் நிமிர்ந்தார். குத்திக்காட்ட இதைவிட நல்ல நேரம் அவருக்கு வாய்க்காது. எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

"கீரைதான் தம்பி. எழுதிக்கங்க" என்றார். குரலில் கிண்டல் ஒரு துளி இல்லை. சொல்லிவிட்டு மறுபடி களை பிடுங்கக் குனிந்துவிட்டார்.

அவர் திட்டியிருந்தால் அவள் பதிலுக்குத் திட்டியிருப்பாள், அதோடு தீர்ந்திருக்கும். இது அவளுக்குத் தாங்கவில்லை. முகம் கறுத்து, கண் கலங்கி, சேலைத் தலைப்பு இல்லாததால் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல தம்பி. மரம்."

புனிதன் பேனாவை மூடினான். "அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க. ஏற்கனவே ஒண்ணு இருக்கு. இது ரெண்டாவது. துண்டு போயிரும். அப்புறம் லிஸ்ட்ல இருபதாவது ஆளா நிக்கணும்."

"எனக்குத் தெரியாதா? போர்டு எழுதறப்ப நாந்தானே டின்னப் புடிச்சேன். எழுது."

அவன் எழுதவில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நீலாவதியக்கா குனிந்து பையிலிருந்து பாராங் கத்தியை எடுத்தாள். பயத்தங்கொடியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, காய் ஒடியாமல் தரையில் கிடத்தினாள். மரம் இப்போது ஒளிவு மறைவில்லாமல், பச்சைப் பசேலென்று நின்றது. கத்தியின் அலகைச் சட்டையில் துடைத்தாள். ஆனால் மரத்தின் பக்கம் போகாமல் கயிற்றோரம் நடந்து வந்தாள்.

"பாய்" என்றாள், பத்து மாதத்தில் முதல் தடவையாக.

அவர் எழுந்து நின்றார். அவள் அலகைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை அவர் பக்கம் திருப்பி, கயிற்றுக்கு மேலாக நீட்டினாள்.