கஸ்தூரி போட்ட முப்பது

மலேசியாவின் ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிதி அலுவலகத்தில் கஸ்தூரிக்கு இருபத்தாறு ஆண்டுகளாக வேலை. எந்தத் துறைக்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் பட்டியல் போடுவது அவள் பொறுப்பு. முன்பெல்லாம் துறைத் தலைவர்கள் நேரில் வந்து மல்லுக்கு நிற்பார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் மென்பொருள் வந்தது. மாணவர் எண்ணிக்கை, ஆய்வு, தேர்ச்சி என ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு முக்கியம் என்று கொடுத்துவிட்டால், அதுவே துறைகளை வரிசைப்படுத்தித் தொகையைப் பிரித்துவிடும். இனிச் சண்டை இருக்காது என்றார்கள். சண்டை இருந்தது. "சிஸ்டம் அப்படித்தான் சொல்லுது" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துபோனது.

இந்த ஆண்டு வரிசையில் கடைசியாக நின்றது பாசிர் கூடாங் பகுதிநேர டிப்ளோமா. அந்தத் தொழில் நகரின் ஆலைத் தொழிலாளர்கள் வார இறுதியில் வந்து படிக்கும் வகுப்பு. அதற்கு ஒரு காசும் ஒதுக்கப்படவில்லை. அதை நடத்தும் லெட்சுமணன் ஒரு புதன்கிழமை மதியம் வந்தார். கோபப்படவில்லை.

"மேடம், எங்க ஆளுங்க பாஸ் பண்ணாம போறதில்ல. கம்பெனில ஷிப்ட் மாத்திடறாங்க, ஓவர்டைம் போடறாங்க. ஒரு செமஸ்டர் விட்டுட்டு மறுபடி வராங்க. மூணு வருஷப் படிப்பு அஞ்சு வருஷமாகுது. அவ்வளவுதான்."

"பார்க்கிறேன் சார்."

பார்த்தாள். 'குறித்த காலத்தில் முடிப்பது' என்ற கட்டத்தில் முப்பது விழுக்காடு இருந்தது. யார் சொன்ன எண் என்று பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டினாள். யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் எண்களை முடிவு செய்த கமிட்டிக் கூட்டத்தில் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. மற்ற எண்களுக்கு அடித்துக்கொண்டவர்கள் இதை மட்டும் "நீங்களே போட்டுடுங்க" என்று எழுந்துவிட்டார்கள். நூறு வர மீதி முப்பது. அவள்தான் போட்டாள்.

நிதித் தலைவரின் அறைக்குப் போனாள். அவர் மலாய்க்காரப் பெண்மணி. 'புவான்' என்றுதான் மரியாதையாக அவரை அழைப்பார்கள். பேச்சு மலாயில் நடந்தது.

"அந்த முப்பது நான் போட்டது, புவான். யோசிக்காம போட்டது."

"கமிட்டி கையெழுத்து போட்டாச்சு லா. இப்ப மாத்தினா எல்லாரும் தங்க எண்ணையும் மாத்தச் சொல்லி வரிசையில நிப்பாங்க."

"நான் எழுதிக் கொடுக்கிறேன்."

"எழுதினா உங்க ஃபைலுக்குப் போகும்."

"போகட்டும்."

எழுதினாள். மூன்று வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அவளுக்கு எச்சரிக்கை. மற்றொன்று, இப்போது படிக்கும் நாற்பத்தோரு பேரும் படிப்பை முடிக்கலாம், அடுத்த ஆண்டு மறுபரிசீலனைவரை புதிய சேர்க்கை இல்லை என்றது.

லெட்சுமணனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். கடிதத்தைப் படித்துக் காட்டினாள்.

"நல்லது மேடம். புதுசா அப்ளை பண்ணின அறுபது பேருக்கு என்ன சொல்றது?"

"லிஸ்ட்டை அனுப்புங்க சார். நானே எழுதறேன்."

வெல்டர், கிரேன் ஓட்டுநர், பாதுகாவலர் என்று பெயருக்குக் கீழே தொழில் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு பெயரையும் எழுத்துப் பிழையில்லாமல் தட்டினாள். இரண்டு நாள் பிடித்தது. உறைகளைத் தபால் பிரிவில் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, பொறியியல் துறைத் தலைவர் தன் துறையின் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அறை வாசலில் காத்திருந்தார்.