ஆபீசரம்மாவின் முகமூடி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுகிற ஆள் நான். முனியப்பன் கோயிலோரம் வெள்ளையாக ஏதோ நின்றது என்று ஒருத்தன் சொன்னபோது, எவனாவது வேட்டி காயப்போட்டிருப்பான், நீ போய் நூலை அலசு என்று விரட்டியவன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நான் இன்னும் சத்தமாகச் சிரிப்பேன்.

இளம்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறையில் மேஸ்திரியாக இருக்கிறேன். நூலுக்குச் சாயம் ஏற்றுகிற வேலை, ஆசிட்டும் காஸ்டிக் சோடாவும் பீப்பாய் பீப்பாயாகக் கிடக்கும். வேலையாட்கள் கையுறை, பூட்ஸ், முகமூடி எல்லாம் போட்டே ஆக வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். முதலாளி ரொம்ப யோசித்து ஒரே ஒரு செட் வாங்கினார். கூடவே, சேலைக் கடையில் கழித்துப் போட்ட பெண் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து, மஞ்சள் கோட்டு, கையுறை, முழங்கால் பூட்ஸ், முகம் முழுக்க மூடுகிற கண்ணாடி முகமூடி எல்லாவற்றையும் அதற்கு மாட்டி, கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். ரோட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஓர் ஆள் முறையாக நின்று வேலை பார்ப்பது மாதிரி இருக்கும். முகமூடிக்குள் லிப்ஸ்டிக் போட்ட உதடு சிரித்துக்கொண்டிருப்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஆபீசரம்மா என்று பெயர் வைத்தோம்.

அந்த செட்டை யாரும் தொடக் கூடாது. ஒருநாள் காஸ்டிக் கரைக்கக் கையுறையைக் கழற்றப் போனேன், முதலாளி பதறியடித்து ஓடி வந்தார்.

"மேஸ்திரி, அதப் போட்டா அழுக்காயிருமுங்க. நாளைக்கு ஆபீசரு வந்தா என்னத்தக் காட்டறது?"

நானும் சிரித்துவிட்டு வெறுங்கையோடுதான் கரைத்தேன். என்னை யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பழனி என் மச்சினன், பொண்டாட்டியின் தம்பி. என் கண்முன்னாலேயே இருப்பான், பயப்படாதே என்று அவளிடம் சொல்லித்தான் வேலைக்குக் கூட்டிவந்தேன். தீபாவளிக்கு ஒரு வாரம் பட்டறையைப் பூட்டியிருந்தோம். திறந்த அன்று காலை, கழிவுநீர்த் தொட்டியின் மோட்டார் தண்ணீரை இழுக்கவில்லை, அடியில் குழாய் வாயைச் சேறு அடைத்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தோம், அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் நாற்றமே தெரியவில்லை. வாயு எல்லாம் வெளியே போய்விட்டது என்று நானே முடிவு கட்டினேன். வாயு போகவில்லை, என் மூக்குதான் மரத்துப்போயிருக்கிறது, அது அப்புறம் தெரிந்த சங்கதி.

"எறங்கட்டுங்களா மாமா?"

"எறங்கு மாப்ள, அஞ்சு நிமிச வேலை."

ஏணியில் நாலு படி இறங்கியிருப்பான். ஒரு சத்தம் இல்லை, தலை தொங்கியது, கை விட்டது, சேற்றில் போய் விழுந்தான். எனக்குத் தொட்டி தெரியவில்லை, என் பொண்டாட்டி முகம்தான் தெரிந்தது. யோசிக்காமல் ஏணியில் காலை வைத்துவிட்டேன். அப்போது ஒரு மஞ்சள் கை என் நெஞ்சில் பட்டு ஒரே தள்ளு. எண்பது கிலோ ஆள் நான், நம்பினால் நம்புங்கள், மல்லாக்க விழுந்தேன். மஞ்சள் கோட்டும் முகமூடியுமாக ஓர் ஆள் விறுவிறுவென்று உள்ளே இறங்கியது. பாய்லர் ஓட்டுகிற சேகர் என்று நினைத்தேன். பரவாயில்லையே, நம்ம ஆளுங்களில் ஒருத்தனுக்காவது அந்த செட்டை எடுத்து மாட்ட புத்தி வந்ததே என்று அந்தப் பதற்றத்திலும் தோன்றியது.

நூல் மூட்டையைத் தூக்குகிற மாதிரி பழனியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்து, தரையில் கிடத்தியது. நான் அவன் மேல் குனிந்துவிட்டேன், வேறு எதையும் பார்க்கவில்லை. சேகரு, வண்டியை எடு என்று கத்தினேன், பின்னாலிருந்து லோடு வண்டி வந்தது, அலசுகிற பெண்கள் இரண்டு பேர் கால் பிடிக்க, அவனைத் தூக்கிப் போட்டோம். கேட்டைத் திறக்க ஓடினேன். அங்கே ஆபீசரம்மா எப்போதும் போல நின்றுகொண்டிருந்தது. பூட்ஸிலிருந்து கருஞ்சேறு சொட்டிக்கொண்டிருந்தது. அங்கே இன்னொன்றும் நடந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத்தான் திட்டினார். விஷவாயுவாம், காப்பாற்றப் போய் அடுத்தவனும் விழுவான், அவனைத் தூக்கப் போய் மூன்றாமவனும் விழுவானாம், அப்படித்தான் கூண்டோடு போவார்களாம். சாயங்காலம் பழனி கண்ணைத் திறந்து முதலில் பரோட்டா கேட்டான். கேட்டில் பார்த்ததெல்லாம் என் பதற்றம் காட்டிய மாயம் என்று தள்ளிவிட்டு, நான் வெளியே வந்து, சேகர் கையைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன், நீதான் என் குலத்தைக் காத்தவன் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"நானெங்கீங்க எறங்குனேன்? நான் வண்டிக்கிட்ட இருந்தேனுங்க. நீங்கதான் கோட்டு மாட்டிக்கிட்டு எறங்குனீங்கன்னு நெனச்சேன்."

அந்தப் பெண்களும் இறங்கவில்லை. முதலாளி காலையிலிருந்தே எடப்பாடியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பட்டறையில் அன்று இருந்தது அவ்வளவு பேர்தான்.

மறுநாளே ஆபீசரம்மாவுக்கு மாலை விழுந்தது, எலுமிச்சம்பழம் தொங்கியது. முதலாளி பயந்துபோய் புதிதாக நாலு செட், வாயுவைச் சோதிக்கிற கருவி, இடுப்பு பெல்ட் எல்லாம் வாங்கி, பாடம் எடுக்க சேலத்திலிருந்து ஒரு பயிற்சிக்காரரையும் வரவழைத்தார். அவர் பொம்மையின் முகமூடியைக் கழற்றப் போக, செருப்பைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள் என்று முதலாளி கெஞ்சியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பயிற்சிக்காரர் முகமூடியைத் திருப்பிப் பார்த்தார். காற்றை வடிகட்டுகிற டப்பாவின் வாயில் ஒட்டியிருந்த சீல் கிழிபடாமல் அப்படியே இருந்தது. கெட்டுப்போகும் என்று முதலாளி பிரிக்கவே இல்லையாம்.

"சீல் பிரிக்காம மாட்டினா ஒரு மூச்சுகூட இழுக்க முடியாதுங்க. பிரிச்சிருந்தாலும் தொட்டிக்கு இது பத்தாது, வெளிய இருந்து குழாய்ல காத்து குடுக்கணும். இதப் போட்டுக்கிட்டு யாரு எறங்குனது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாடத்தை நடத்துங்க சார் என்று சொல்லி நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

மாற்றியதற்குக் காரணம் உண்டு. அன்று கேட்டைத் திறக்க ஓடினேன் அல்லவா, தாழ்ப்பாளில் கையை வைத்தபடி அந்த முகமூடியைப் பார்த்தேன். கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. படிந்தது, கரைந்தது, மறுபடி படிந்தது, பாரம் தூக்கி வந்தவர்களுக்கு மூச்சு வாங்குமே, அந்த வேகத்தில். பின்னால் சேகர் ஹாரனை விடாமல் அடிக்கிறான், மச்சினன் உயிர் ஊசலாடுகிறது, நானோ பொம்மையைப் பார்த்துப் பேசுகிறேன்.

"சித்த உக்காருங்க சாமி," என்றேன்.

பொம்மை உட்காரவில்லை. ஆனால் நான் சொன்ன பிறகு, அந்த மூச்சு மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது.