தலைக்கு மேலே ஒரு கடிகாரம்

பொய் சொல்லும்போது மட்டும் கட்டிங் மாஸ்டர் தன் மனைவியின் தலைக்கு மேலே சுவரில் தொங்கும் கடிகாரத்தைப் பார்ப்பார். இருபத்திரண்டு வருடங்களாக அவள் இதைக் கவனித்து வைத்திருந்தாள். அவரிடம் சொன்னதில்லை, சொன்னால் பிடி நழுவிவிடும்.

தையல் கடையில் அவர் மேசை முன் நின்று துணி வெட்டுவார். எதிரே தாழ்ந்த முக்காலியில் அவள் உட்கார்ந்து காஜா எடுத்துப் பட்டன் தைப்பாள். போன வருடத்திலிருந்து எது பேசினாலும் அவர் கண் கடிகாரத்திலேயே நின்றது.

“சாப்டீங்களா?”

“ஆச்சு.” கடிகாரம்.

“உங்க தங்கச்சி வீட்டுக்குப் போனீங்களா?”

“போனேன்.” கடிகாரம்.

எல்லாமே பொய்யா? சட்டைப் பைகளைத் துழாவினாள். அவர் படியில் தடுக்கி விழுந்து வந்த அன்று, தூங்குகிறவரின் வாயை மோந்து பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

கடையில் இஸ்திரி போடுபவர் வேறு வாயைக் கிளறினார். “என்னக்கா, மாஸ்டர் உங்க மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்குறாரு? என்ன தப்பு பண்ணாராம்?”

“வேலையப் பாருங்கண்ணே.”

ஒருநாள் சாக்பீஸ் கோட்டை விட்டுக் கத்தரி நாலு விரல் தள்ளி ஓடியது. “கோடு தெரியலடி” என்றார், கடிகாரத்தைப் பார்த்தபடியே. எந்தப் பொய்க்காகவும் அவர் துணியைப் பாழாக்க மாட்டார். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா பேனாவை மேலிருந்து கீழே இறக்கினார். மாஸ்டரின் கண் அதன்கூட இறங்கவில்லை. “என் மூக்கையே பாருங்க” என்று சொல்லி, அவர் தலையைப் பிடித்து மெல்லப் பின்னால் சாய்த்தார். கருவிழிகள் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கின.

நாலு பேர் முன் பேசாதவள் வெடித்தாள். “இறங்குது பாத்தீங்களா! நடிக்கிறாரு!”

“நடிப்பில்லம்மா. கண்ணு, தசை எல்லாம் நல்லாருக்கு. ‘கீழ பாரு’ன்னு மூளை சொல்ற உத்தரவு வர்ற பாதை கெட்டுப்போச்சு. தலைய அசைச்சா உள்காதுலேர்ந்து வேற வழியா தகவல் வரும். அந்த வழி கெடல.”

“சரியாயிடுமா?”

“அதுக்கு மருந்தில்ல. விழாம பாத்துக்குங்க.”

திரும்பும் வழியில் அவர் கேட்டார். “இவ்வளவு நாளும் என்னைச் சந்தேகப்பட்டியா?”

“சேச்சே” என்றாள். அவள் கண் தெருமுனைக்குப் போயிருந்தது.

இப்போது துணி வெட்டுவது அவள்தான். “இன்னிக்குத் தலை சுத்தல, நல்லாருக்கேன்” என்று பக்கத்தில் உட்கார்ந்து அவர் தினமும் சொல்கிறார், கடிகாரத்தைப் பார்த்து. அது நிஜமா பொய்யா என்று அவளுக்குத் தெரிவதில்லை.