தவசி மாமா போட்ட பேட்மிண்டன் களம்

எங்கள் ஜெயமங்கலத்தில் ஈர நெல்லைக் களத்தை விட்டுத் துரத்திய ஒரே மனிதர் தவசி மாமாதான். அந்த நெல்லில் என் நெல்லும் இருந்தது. ஆகவே இந்தக் கதையை நான் நடுநிலையோடு சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

பெயர்தான் தவசி. உட்கார்ந்த இடத்தில் ஒரு வாய்ச் சோற்றை முழுதாகத் தின்ன மாட்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து மடை பார்க்கக் கிளம்புவார். போகிற வழியில் மாட்டு நினைப்பு வந்து தொழுவத்துக்குத் திரும்புவார். "இந்த மனுசன் காலுல சக்கரத்தக் கட்டி விட்டிருக்காக" என்று கருத்தம்மாள் அத்தை தட்டை நகர்த்தி வைப்பாள்.

அவர்களுக்கு ஒரே மகள் கஸ்தூரி. மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தாள். அங்கே பேட்மிண்டன் பழகிக்கொண்டாள். மஞ்சள் கம்பளிப் பந்தை மட்டையால் தட்டி வலைக்கு மேலே அனுப்புகிற ஆட்டம். முப்பத்தெட்டாம் வருஷம், படித்தது போதும் என்று வீட்டோடு அழைத்து வந்துவிட்டார்கள். தை பிறந்ததும் பொட்டிப்புரத்தில் கல்யாணம் என்று பேச்சும் முடிந்தது. பெண் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. கூப்பிட்டால் "ம்" என்பாள். மட்டையைத் துடைத்துச் சுவரில் மாட்டுவாள், மறுநாள் எடுத்து மறுபடியும் துடைப்பாள்.

மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் அவருடைய நெற்களம், சுற்றிலும் ஆள் உயர மண்சுவர். "எந்தப் பய கண்ணும் படாது. எம்புள்ள இங்கன ஆடட்டும்" என்று சொல்லி, களத்தில் இரண்டு கம்பு நட்டு வலை கட்டினார்.

ஆடிச் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க் களமெல்லாம் களிமண்ணும் சாணியும் போட்டு மெழுகியது. காய்ந்த காலத்தில் கண்ணாடியாக இருக்கும், ஈரம் பட்டால் பாசி பிடித்து வழுக்கும். கஸ்தூரி தன் அம்மாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆட இறங்கினாள், வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். மட்டை மறுபடி சுவருக்குப் போயிற்று.

அதற்கப்புறம் மாமா பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! நல்ல களத்தை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிப் போட்டார். அடியில் உடைசெங்கல், அதற்கு மேல் வராக நதிச் சரளை, அதற்கு மேல் சலித்த செம்மண். நடுவில் மேடாக்கி இரண்டு பக்கமும் சரித்து, ஓரத்தில் வாய்க்கால் வெட்டினார். கூலியாட்கள் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினார்கள். ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவார், எங்கே ஓடுகிறதென்று குனிந்து பார்ப்பார், திருப்தியில்லாமல் ஒரு மூலையைக் கொத்தி மறுபடி இடிக்கச் சொல்வார். மழை பெய்தால் கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு களத்தையே சுற்றி வருவார். மனிதருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நானும் சொல்லித் திரிந்தேன்.

தீபாவளி விடுமுறையில் மதுரைத் தோழிகள் நாலு பேர் வந்து ஒரு பகல் ஆடிவிட்டுப் போவதாக ஏற்பாடு. கல்யாணத்துக்கு முன்னால் கிடைத்தது அந்த ஒரு பகல்தான். புகுந்த வீட்டில் மட்டையைத் தொட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஐப்பசியில் அறுவடை, கூடவே அடைமழை. அறுத்த நெல் குவியலிலேயே முளைவிட ஆரம்பித்தது. எங்கள் களமெல்லாம் சேறு. தோழிகள் வருகிற அன்று காலையில் பார்த்து வெயில் பளிச்சென்று அடித்தது. ஊரிலேயே காய்ந்து கிடந்த தரை மாமா வீட்டுத் தரை ஒன்றுதான். ஈர நெல்லோடு வருகிறவனிடம் களம் தர மாட்டேன் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. அதனால் கேட்பதும் இல்லை. மாமா வண்டி பூட்டிக்கொண்டு பெரியகுளத்துக்குத் தோழிகளை அழைத்துவரப் போயிருந்தார். கருத்தம்மாள் அத்தையே பின்வாசலைத் திறந்துவிட்டு, தன் நெல்லை முதலில் கொட்டினாள். பின்னாலேயே நாங்கள் எல்லோரும் நுழைந்தோம். நல்ல விளைச்சலுக்குக் கட்டிய புதுக் களம் என்றுதான் எங்கள் கண்ணுக்குப் பட்டது.

மாமா வந்தார். வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெல். வாசலுக்கும் வலைக்குமாக நாலு தடவை நடந்தார். ஒரு பிடி நெல்லை அள்ளி முளையைப் பார்த்தார், போட்டார். அவருக்கும் அதுதானே சோறு! தோழிகள் வண்டியிலிருந்து இறங்காமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி மட்டையோடு வெளியே வந்து நெல்லைப் பார்த்தாள். திரும்பிப் போய் மட்டையை ஆணியில் மாட்டினாள்.

"அள்ளுங்கடா!" என்று மாமா கத்தினார்.

"என்ன மாமா, வெளாட்டுக்கா நெல்ல அள்ளச் சொல்றீக? மொளச்சுப் போச்சே!" என்றான் எங்களோடு நெல் கொட்டிய ஒச்சாண்டி.

"எந்நெல்லுந்தான் மொளச்சிருக்கு. அத மொதல்ல அள்ளுறேன். எம்மகளுக்கு இன்னைக்கு ஒரு நாளுதான்டா இருக்கு" என்றார். அத்தை வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் கேட்கவில்லை, கடகத்தில் தன் நெல்லை அள்ளித் தெருவில் கொட்டத் தொடங்கினார்.

அதற்கு மேல் நாங்கள் என்ன செய்ய? வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே அள்ளினோம். தெருப்புழுதியில் நெல்லைப் பரப்பிக் காலால் துழாவிக்கொண்டு நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் மட்டைச் சத்தம். திடீரென்று கஸ்தூரி சிரித்தாள். தொண்டை திறந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி. எனக்கு இருந்த எரிச்சலில் அது நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொள்ளவே பிடிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் மழை கொட்டியது. தெருவில் கிடந்த நெல்லில் பாதி தண்ணீரோடு போயிற்று. அந்த வருஷம் எல்லோர் வீட்டுச் சோறும் புளித்த வாடை அடித்தது. மாமா வீட்டில் விசேஷம் என்றால் ஒச்சாண்டி இன்றுவரை கை நனைப்பதில்லை. கஸ்தூரி தையில் கல்யாணமாகிப் போனாள். அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை. அடுத்த அறுவடைக்கு மாமாவே வலைக் கம்புகளைப் பிடுங்கிவிட்டு, நெல் கொட்டும்படி எங்களைக் கூப்பிட்டார்.

ஒருநாள் கோபம் தாங்காமல் கேட்டேவிட்டேன். "ஒரு பகல் ஆட்டத்துக்காக ஊரையே பகைச்சுக்கிட்டீகளே மாமா, என்ன கெடச்சுச்சு?"

"நீ சுவத்துக்கு அங்குட்டு நின்ன மாப்ளே, பாத்திருக்க மாட்ட. பந்து வந்தப்ப ரெண்டு காலும் தரையில படாம எம்பிக் குதிச்சா. இத்தன வருசம் வளத்தேன். எம்மகளுக்கு அப்படிக் குதிக்கத் தெரியும்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றார்.