மியூனிக் எல்லையில் நின்ற வண்டி

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர்களில் அரியமுத்துவைத் தெரியாதவர்கள் குறைவு. சுரங்கத்துக்கும் சிமெண்ட் ஆலைக்கும் நடுவே முப்பத்தோரு வருஷம் டிப்பர் ஓட்டியவர். லைசென்ஸில் ஒரு கேஸ் கிடையாது. இதை அவர் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்த கல்யாண வீடு ஒன்றுகூட இல்லை. கேட்பவர்களுக்குக் காது புளித்துப்போயிருக்கும். அவருக்கு மட்டும் புளிக்கவே இல்லை.

இப்படிப்பட்டவரை மகள் ஜெயசித்ரா ஜெர்மனிக்குக் கூப்பிட்டாள். மியூனிக்கிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறாள், இன்ஜினியர் வேலை. "லீவுக்கு வாங்கப்பா. வாடகைக் காரு எடுக்கிறேன். நீங்கதான் ஓட்டணும், நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்" என்று போனில் சொன்னாள். மறுநாள் காலையிலேயே மனிதர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றார், வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பெர்மிட் வாங்க. அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர், சைக்கிள்கூட ஏறியதில்லை. அவர் பெற்ற பிள்ளை ஜெர்மனியில் கார் ஓட்டப்போகிறது. இதற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் பெருமைப்படுவது?

அங்கே போய்ப் பத்தாம் நாள், முந்தின மாலை எடுத்த வாடகைக் காரில் மியூனிக்கைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். ஜெயசித்ராவோடு வேலை பார்க்கும் நான்கு பேர், அவள் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். மகள் தலை வாரிக்கொண்டிருக்கும்போதே அரியமுத்து ஈரத்துணியோடு காருக்கு வந்துவிட்டார். துடைத்துப் பொட்டு வைக்காத வண்டியை அவர் எடுப்பதில்லை.

முன்கண்ணாடியின் உள்பக்கம், வலது மூலையில், பச்சை வட்டமாக ஒரு ஸ்டிக்கர். நடுவே நான்கு என்று ஒரு எண். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம் என்றாலும், அவர் கண்ணுக்கு வலது மூலைதான் டிரைவர் பக்கம். டிரைவர் பக்கக் கண்ணாடியில் எதையாவது ஒட்டி வைத்தால் அவருக்கு ஆகாது. வாடகைக்குக் கொடுத்தவன் ஏதோ சீட்டை உரிக்காமல் விட்டுவிட்டான் என்று நினைத்து, பிளேடால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். அது தூள்தூளாக வந்தது. அந்த இடத்தில் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்து, திருப்தியாகக் கதவைச் சாத்தினார்.

நகரம் நெருங்கியபோது தூரத்தில் ஒரு போர்டு தெரிந்தது. சிவப்பு வளையம், அதன் கீழே ஒரு பச்சை வட்டம், வட்டத்துக்குள் நான்கு. அரியமுத்து கண்ணாடியில் குங்குமம் வைத்த மூலையைப் பார்த்தார். போர்டுக்கு முன்னாலேயே இருந்த பெட்ரோல் பங்கில் வண்டியைத் திருப்பி நிறுத்தினார்.

"அந்தப் பச்சை வட்டம் என்னாம்மா?"

"அதாப்பா? கம்மியாப் புகை விடுற வண்டிதான் டவுனுக்குள்ள போலாம். அதுக்கு அடையாளம். வாடகைக் காருல அவங்களே ஒட்டிக் குடுத்துருவாங்க."

"ஒட்டித்தான் குடுத்தாங்க. நான் காலையில சுரண்டிட்டேன்."

ஜெயசித்ரா கண்ணாடியைப் பார்த்தாள். குங்குமம்தான் இருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு பேரு காத்திருக்காங்கப்பா. இது புது வண்டி, புகையே வராது. யாரு பாக்கப்போறா? போங்க."

"பாத்துட்டா?"

"நூறு யூரோ அபராதம். நான் கட்டிக்கிறேன்."

"பணம் கெடக்குது. கேஸு யாரு பேருல வுழும்?"

"ஓட்டுறவங்க பேருல" என்றாள், குரலைத் தாழ்த்தி.

அரியமுத்து சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

"எம் பேரு மட்டும் இல்லம்மா. பள்ளிக்கூட நேரத்துல லாரி உள்ள வரக்கூடாதுன்னு அரியலூர்ல நிறுத்தி வச்சிருவாங்க. எத்தன நாளு லோடோட வெளியில காஞ்சிருக்கேன் தெரியுமா? பின்னாடி வந்தவன்லாம் என்னயப் பாத்துச் சிரிச்சுட்டு உள்ள பூந்துருவான். நான் போவ மாட்டேன். அப்ப நீ உள்ள படிச்சிட்டிருந்த. இங்கயும் யாரோ வூட்டுப் புள்ளைங்க உள்ள இருக்கும்ல?"

ஜெயசித்ரா போனை எடுத்தாள். நண்பர்களுக்குத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு, ஸ்டிக்கர் எங்கே கிடைக்கும் என்று தேடினாள். வந்த வழியே இரண்டு கிலோமீட்டர் திரும்பினால் ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது.

அங்கே இருந்த நரைத்த மீசைக்காரர் வண்டியின் பதிவுத்தாளை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு புதுப் பச்சை ஸ்டிக்கரில் வண்டி நம்பரைப் பேனாவால் எழுதினார். பழையது எங்கே என்று ஜெர்மன் மொழியில் கேட்டிருப்பார் போல. ஜெயசித்ரா எதையும் மறைக்கவில்லை. பிளேடால் சுரண்டியதைக் கையால் நடித்தே காட்டினாள். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அரியமுத்துவுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு மீசைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார், அவள் நிமிர்ந்து நின்று ஒரே வரியில் பதில் சொன்னாள். அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அரியமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஸ்டிக்கரை அரியமுத்துவே ஒட்டினார், குங்குமத்துக்குப் பக்கத்தில், ஓரம் கோணாமல்.

"கடேசியா என்ன கேட்டாரும்மா அவரு?" என்றார் வண்டியை எடுத்துக்கொண்டே.

"போலீஸ் புடிச்சு நிறுத்துனாங்களான்னு கேட்டாருப்பா."

"நீ என்ன சொன்ன?"

"போலீஸ் யாரும் இல்ல, எங்க அப்பா நிறுத்திட்டாருன்னு சொன்னேன்."